இருபத்து மூணு புளியங்கொட்டை

கவலையே இல்லாதவங்க யாராவது இருந்தா கையைத் தூக்குங்க பாப்போம். ஒருத்தரும் தூக்க மாட்டீங்க, எனக்குத் தெரியும். நம்ம வயசுல ரெண்டு பேர் சந்திச்சா முதல்ல முட்டிவலி, அப்புறம் சர்க்கரை, அதுக்கும் அப்புறம் பேரன் மோட்டார் சைக்கிள் ஓட்டற வேகம். ஆனா ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. கவலைப்படறதுல எங்க வாப்பா கால்தூசிக்கு நீங்க யாரும் வரமாட்டீங்க. நீங்கல்லாம் பொழுது போகாம கவலைப்படறவங்க. வாப்பா அதை ஒரு உத்தியோகமாவே பார்த்தவங்க.

நிஜமான உத்தியோகமும் கிட்டத்தட்ட அதுதான். பினாங்குத் துறைமுகத்துல ஒரு சரக்குக் கிட்டங்கி வாசல்ல மூட்டை எண்ணற கிராணி, கணக்குப்பிள்ளை. தொங்காங் படகுல இருந்து அரிசி மூட்டையைத் தோள்ல ஏத்திக்கிட்டு ஆளுங்க பலகை மேல ஓடி வருவாங்க. ஒவ்வொரு ஆள் கையிலயும் ஒரு மூங்கில் குச்சி இருக்கும். அதை வாப்பா கையில குடுத்துட்டுத்தான் கிட்டங்கிக்குள்ள நுழையணும். நூறு குச்சி சேர்ந்தா ஒரு கட்டு. இத்தனை வருஷத்துல எங்க வாப்பாவுக்கு ஒரு மூட்டை தப்பினதில்லேன்னு துறைமுகத்துல எல்லாரும் சொல்லுவாங்க. வாப்பாவுக்கு அதுல ரொம்பப் பெருமை. அந்தக் குச்சியைக் கிட்டங்கியிலேயே வச்சுட்டு வந்திருந்தா நல்லா இருந்திருக்கும். வீட்டுக்கும் கொண்டு வந்துட்டாங்க.

பெரிய பள்ளிவாசலுக்குப் பின்னால ஒரு சந்துல எங்க வீடு. காலையில வேலைக்குக் கிளம்பினா கிணத்து மூடியைத் தட்டிப் பாப்பாங்க. அடுப்பைக் குனிஞ்சு பாப்பாங்க. பின்கதவுல ஒரு பெரிய பித்தளைப் பூட்டு உண்டு. அதை இழுத்துப் பார்த்துட்டுப் போவாங்க. சந்து முனை வரைக்கும் போவாங்க, நிப்பாங்க, திரும்பி வந்து இன்னொரு தடவை இழுப்பாங்க. மூணாவது தடவை வரும்போது சந்துப் பிள்ளைங்க எல்லாம் சேர்ந்து "மூணு!"ன்னு கத்துவோம். உம்மா முன்வாசல்ல நின்னு சிரிப்பாங்க. "பூட்டு கால் முளைச்சு ஓடிடப் போகுதா மச்சான்? போங்க, நேரமாச்சு"ன்னு சொல்லுவாங்க. உம்மாவுக்கு எதுக்கெடுத்தாலும் சிரிப்புதான். ரெண்டு பேரையும் எப்படித்தான் ஜோடி சேர்த்தாங்களோ, எனக்கு இன்னிக்கும் ஆச்சரியம்.

எனக்கு ஒன்பது வயசு இருக்கும்போது உம்மா பிள்ளைப்பேறுக்காக நாகூருக்குத் தாய்வீடு போனாங்க. என்னையும் கூட அனுப்பறதாத்தான் பேச்சு. வாப்பா கடைசி நேரத்துல மாட்டேன்னுட்டாங்க. ரெண்டு பேரும் ஒரே கப்பல்ல போனா, அந்தக் கப்பலுக்கு ஏதாவது ஒண்ணு ஆனா, தனக்கு யாருமே மிஞ்ச மாட்டாங்களாம். இதுதான் காரணம். நான் மூணு நாள் முகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டு இருந்தேன். வீட்டைப் பார்த்துக்க மாமி வந்தாங்க. மாமின்னா வாப்பாவோட தங்கச்சி. கை ருசி, வாய் காரம்.

தம்பி பிறந்த செய்தி கடுதாசியில வந்தது. அன்னிக்கு வாப்பா ஒரு சின்னக் குல்லா வாங்கிட்டு வந்தாங்க. பச்சைப் பட்டுல சரிகை வேலை. என் உள்ளங்கைக்குள்ள அடங்கிடும். அலமாரியில ஒரு டப்பாவுக்குள்ள கற்பூரத்தோட அதை வச்சிருந்தாங்க. தினம் எடுத்துப் பாப்பாங்க, ஊதுவாங்க, திரும்ப வைப்பாங்க. உம்மா நாப்பது குளிச்சு, ஊர்க்காரக் குடும்பம் ஒண்ணோட கப்பல் ஏறிட்டாங்கன்னு அடுத்த கடுதாசி சொன்னது. அந்த வாரம் வாப்பா கடல்ல ஓடற காத்தைப் பத்தியே பேசிக்கிட்டிருந்தாங்க.

கப்பல் வர்ற நாளன்னிக்கு மூணு பேரும் ஜெட்டிக்குப் போனோம். மாமி நெய்ச்சோறும் தால்ச்சாவும் அடுக்குப் பாத்திரத்துல கொண்டு வந்திருந்தாங்க. குல்லா வாப்பா சட்டைப் பையில இருந்தது. கப்பல் தெரிஞ்சதும் நான் குதிச்சேன். அதுல ஒரு மஞ்சள் கொடி பறந்தது. உம்மா வர்றதுக்காகத்தான் கட்டியிருக்காங்கன்னு நினைச்சு, "வாப்பா, கொடி அழகா இருக்கு பாருங்க!"ன்னு கத்தினேன். பக்கத்துல நின்ன ஆளுங்க எல்லாம் பேச்சை நிறுத்திட்டாங்க. கப்பல் ஜெட்டிக்கு வரல. தெக்குப் பக்கம் திரும்பி மெதுவாப் போயிடுச்சு. வாப்பா என் கையைப் பிடிச்சிருந்த பிடியில எலும்பு வலிச்சது.

கப்பல்ல வைசூரி. மஞ்சள் கொடிக்கு அதுதான் அர்த்தமாம். கப்பல்ல வந்த எல்லாரையும் ஜெரஜாக் தீவுல இறக்கி ஒதுக்கி வச்சுட்டாங்க. நோய் இல்லேன்னு உறுதியாகற வரைக்கும் அங்கேதான். யாரும் போய்ப் பார்க்க முடியாது. துறைமுகச் சுகாதார ஆபீஸ்ல வேலை பார்க்கற ஒரு வேதக்காரக் கிராணி எங்க வாப்பாவுக்குப் பழக்கம். வெள்ளைக் கோட்டு, கழுத்துல ஜெபமாலை, எப்பவும் வேர்த்த முகம். அவர் தினம் லாஞ்சுல தீவுக்குப் போய் வர்றவர். சாயங்காலம் எங்க சந்து வழியா வீட்டுக்குப் போகும்போது வாசல்ல நின்னு, "பாய், தாயும் பிள்ளையும் சுகம்"னு சொல்லிட்டுப் போவாரு. உள்ளே வாங்கன்னா வர மாட்டாரு. தீவுக்குப் போய் வந்த உடம்பு, பிள்ளை இருக்கற வீடும்பாரு.

அவர் சுகம்னு சொன்னா நமக்குன்னா போதும். வாப்பாவுக்குப் போதுமா? மழை பெஞ்சா, அங்கே கூரை ஒழுகுமோ. வெயில் அடிச்சா, நல்ல தண்ணி கிடைக்குமோ. தாய்க்குப் பால் வத்திட்டா என்ன பண்றது. உப்பு இருக்குமோ. பக்கத்து வீட்டு மக்சிக், மலாய்க்காரம்மா, வேலி மேல சாஞ்சுக்கிட்டு "சபார் லா, சபார்"னு, பொறுமையா இருங்கன்னு, சொல்லிச் சொல்லி அலுத்துப் போனாங்க. எதிர்க் கடைச் சீனர் தன் பங்குக்கு ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி வச்சாரு. வேதக்காரக் கிராணி தன் கோயில்ல மெழுகுவத்தி ஏத்தினாரு. மாமி தர்காவுக்குச் சாம்பிராணி அனுப்பினாங்க. யாரு என்ன பண்ணினாலும் வாப்பா அன்னிக்கு ஒரு நாள்தான் தெளிவா இருப்பாங்க. மறுநாள் காலையில பழையபடி ஆரம்பிச்சுடும்.

ஒரு ஞாயித்துக்கிழமை என்னை மாட்டு வண்டியில சுங்கை நிபோங் கரைக்குக் கூட்டிட்டுப் போனாங்க. எதிர்ல தீவு பச்சையா, குண்டா, ஒரு சத்தமும் இல்லாம உக்கார்ந்திருந்தது. மரத்துக்கு நடுவுல அங்கங்கே புகை. வாப்பா விரலை நீட்டி எண்ண ஆரம்பிச்சாங்க. "பதினேழு புகை. இதுல ஒண்ணு உம்மா அடுப்பு." கொஞ்ச நேரம் கழிச்சு, "பதினாறு. ஒண்ணு ஏன் குறைஞ்சது?" எனக்குப் பசி. வாப்பாவுக்கு என் ஞாபகமே இல்ல. பொழுது சாயற வரைக்கும் புகையை எண்ணிட்டு வந்தோம்.

அதுக்கு ரெண்டு நாள் கழிச்சு, சாயங்காலம் வேதக்காரக் கிராணி வழக்கம்போல வந்து சொல்லிட்டுப் போனாரு. அவர் போன பிறகு வாப்பா ரொம்ப நேரம் வாசல்ல நின்னாங்க. அப்புறம் உள்ளே வந்து, "நாளை மறுநாள் ஸலவாத்து ஓதணும், லெப்பையைப் பார்த்துட்டு வர்றேன்"னு செருப்பை மாட்டிக்கிட்டாங்க. எதுக்கு இந்த அவசரம்னு மாமி கேட்டாங்க. வாப்பா அதுக்குள்ள சந்து முனையைத் தாண்டிட்டாங்க.

உங்கள்ல சில பேருக்குத் தெரியும், தெரியாதவங்களுக்குச் சொல்றேன். எங்கள்ல பெரிய முடை வந்தா, ஆளுங்களைக் கூட்டி, ஒரு ஸலவாத்தை, நபி மேல வாழ்த்துச் சொல்றதை, நாலாயிரத்து நானூத்து நாப்பத்து நாலு தடவை ஓதறது உண்டு. ஒரே இருப்புல முடிக்கணும். கணக்குக்குப் புளியங்கொட்டை. வெள்ளை விரிப்பைச் சுத்தி ஆம்பளைங்க உக்காருவாங்க. ஒவ்வொருத்தர் முன்னாலயும் ஒரு குவியல். ஒரு தடவை ஓதினா ஒரு கொட்டையை நடுவுல போடணும். எல்லாக் கொட்டையும் நடுவுக்கு வந்துட்டா எண்ணிக்கை நிறைஞ்சதுன்னு அர்த்தம்.

மாமி சந்து பூரா புளியங்கொட்டை வசூல் பண்ணிட்டு வந்தாங்க. வாப்பா அதைக் கழுவி, காய வச்சு, நூறு நூறாக் குவிச்சு, மூணு தடவை எண்ணி, ஒரு துணிப்பையில போட்டுக் கட்டினாங்க. அந்தக் கறுப்புப் பளபளப்பு இன்னும் என் கண்ணுல இருக்கு. கையை உள்ளே விட்டா சில்லுன்னு இருக்கும்.

விட்டேன். அதுதான் வினை. மக்சிக் மகளும் நானும் சொங்காக் விளையாடுவோம். நம்ம பல்லாங்குழிதான், பலகை மட்டும் படகு மாதிரி இருக்கும். அவகிட்ட கொட்டை குறைச்சல். ஓதற அன்னிக்குக் காலையில யாரும் பார்க்காதபோது பையை அவுத்து ஒரு கைப்பிடி அள்ளிட்டுப் போயிட்டேன். நாலாயிரத்துல ஒரு கைப்பிடி யாருக்குத் தெரியப் போகுதுன்னு நினைச்சேன். எங்க வாப்பா யாருன்னு எனக்கு மறந்தே போச்சு, பாருங்களேன்.

சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பின்னால எல்லாரும் வந்தாங்க. சாம்பிராணிப் புகையில கண்ணு எரிஞ்சது. ஓதறதுக்கு முன்னால, ஓதி வைக்க வந்த லெப்பை சொன்னாரு, "எண்ணிக்கை ஒண்ணு கூடவும் கூடாது, குறையவும் கூடாது. சாவிக்குப் பல்லு இருக்கற மாதிரி. ஒரு பல்லு இல்லேன்னா பூட்டு தொறக்காது." திரைக்குப் பின்னால மாமி பக்கத்துல உக்கார்ந்து இதைக் கேட்டேன்.  உம்மா இருக்கற தீவுக்கு ஒரு பெரிய பித்தளைப் பூட்டு போட்டிருக்கற மாதிரியும், அதோட சாவிப் பல்லை நான் உடைச்சுட்ட மாதிரியும் இருந்தது. எழுந்து சொல்லலாம். ஆனா ஓதற சத்தம் கூட்டம் கூட்டமா எழும்புது, கொட்டை விழற சத்தம் தூறல் மாதிரி கேக்குது, நான் மாமி முந்தானையைக் கடிச்சுக்கிட்டு உக்கார்ந்திருந்தேன்.

துஆ முடிஞ்சது. சாப்பிட்டாங்க. கையைக் கழுவிட்டு எல்லாரும் போயிட்டாங்க. வேற யாராவதா இருந்தா கொட்டையை அள்ளிப் பையில போட்டுட்டு வேலையைப் பார்த்திருப்பாங்க. எங்க வாப்பா விரிப்புல உக்கார்ந்து எண்ண ஆரம்பிச்சுட்டாங்க.

நாலாயிரத்து நானூத்து இருபத்தொண்ணு. இருபத்து மூணு குறையுது.

பாயைத் தூக்கிப் பார்த்தாங்க. மாமி விளக்குமாத்தால மூலை மூலையாத் தள்ளிப் பார்த்தாங்க. "இருபத்து மூணு தடவை நீங்களே ஓதிடுங்க நானா, இதுக்குப் போய்"னு மாமி சொன்னாங்க. வாப்பா ஓதினாங்க. ஆனா ஒரே இருப்புல ஓதலையே. சபை கலைஞ்சுடுச்சே. மறுபடி எண்ணினாங்க. பதட்டத்துல எண்ணினா எண்ணிக்கை நிக்குமா? ஒரு தடவை இருபது வந்தது, ஒரு தடவை இருபத்தஞ்சு வந்தது. மூட்டை தப்பாத கிராணிக்குப் புளியங்கொட்டை தப்பிடுச்சு.

அதுக்கு அப்புறம் வந்த ஆறு நாளை நான் எப்படிக் கழிச்சேன்னு கேக்காதீங்க. சோறு இறங்கல. மாமி எனக்கு நெஞ்சுல சளின்னு முடிவு பண்ணி ஓமத் தண்ணி குடுத்துக்கிட்டிருந்தாங்க. வாப்பா வேலைக்குப் போய் வந்ததும் விரிப்பை விரிச்சு எண்ண உக்கார்ந்துடுவாங்க. அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடியும் எல்லாரையும் கூட்டி ஓதணும், அதுக்குக் கொட்டை சரியா இருக்கணும்னு அதே பேச்சு. நான் மக்சிக் வீட்டுக்கு ஓடிப் போய்க் கொட்டையைத் திருப்பிக் கேட்டேன். எங்க கொட்டையும் அவ கொட்டையும் கலந்து கிடந்தது. எது எதுன்னு யாரு கண்டா? பயத்துல ரெண்டு கை நிறைய அள்ளிட்டு வந்து, வாப்பா குளிக்கப் போன நேரத்துல பைக்குள்ள போட்டுட்டேன்.

மறுநாள் வந்த கணக்கு நாலாயிரத்து நானூத்து அறுபத்து ரெண்டு.

"கொட்டை குட்டி போடுதா?"ன்னு வாப்பா கேட்டாங்க. மாமி சிரிச்சாங்க. நான் வாப்பா முகத்தைப் பார்த்தேன். அவங்க வேடிக்கையாக் கேக்கல. அதுக்கு அடுத்த நாள் காலையில வேலைக்குப் போகல. எனக்கு நினைவு தெரிஞ்சு வாப்பா வேலைக்குப் போகாம இருந்தது அன்னிக்குத்தான். சவரம் பண்ணாத முகத்தோட விரிப்புல உக்கார்ந்து, கொட்டையைத் தொடாம வெறிச்சுப் பார்த்துக்கிட்டிருந்தாங்க. மாமி பயந்துபோய்க் கஞ்சியை என் கையில குடுத்து, "நீ போய்க் குடு, உன் மூஞ்சியைப் பார்த்தாவது குடிக்கறாங்களா பாப்போம்"னு அனுப்பினாங்க.

கஞ்சியைக் கீழே வச்சேன். வச்ச கையோட அழுகை வந்துடுச்சு.

"வாப்பா, நான்தான் எடுத்தேன். சொங்காக்குக்காக எடுத்தேன். திரும்பப் போட்டதும் நான்தான். தெரியாம நிறையப் போட்டுட்டேன்."

வாப்பா என்னைப் பார்த்தாங்க. அடி விழும்னு கண்ணை மூடிக்கிட்டேன். விழல.

"இருபத்து மூணு கொட்டை குறைஞ்சதால அல்லாஹ் உம்மாவை அனுப்ப மாட்டானா வாப்பா? தம்பியை அனுப்ப மாட்டானா? நான் எத்தனை தடவை ஓதினா சரியாகும்? சொல்லுங்க, நான் ஓதறேன்."

வாப்பா கொட்டையை ஓரமா ஒதுக்கினாங்க.   அப்புறம் கேட்டாங்க.

"எத்தனை நாளா இதை மனசுல வச்சுக்கிட்டிருக்கே?"

"ஆறு நாளா."

"ஆறு நாளா சாப்பிடலையா?"

தலையாட்டினேன். என் மணிக்கட்டைப் பிடிச்சுப் பார்த்தாங்க. வளையல் முழங்கை வரைக்கும் ஏறிச்சு.

"சே! அவன் என்ன என்னை மாதிரி கிட்டங்கி வாசல்ல குச்சி வாங்கிக்கிட்டு உக்கார்ந்திருக்கானா?"ன்னு வெடுக்குன்னு சொன்னாங்க. சொன்ன வேகத்துல பதறிப்போய்க் கன்னத்துல போட்டுக்கிட்டு, "அஸ்தஃபிருல்லாஹ், அஸ்தஃபிருல்லாஹ்"னு முணுமுணுத்தாங்க. அதுக்கு அப்புறம் சிரிச்சாங்களா அழுதாங்களான்னு என்னால சொல்ல முடியல. தோள் குலுங்கினது மட்டும் ஞாபகம் இருக்கு.

"புள்ளே, என் கவலையைத்தான் நீ தூக்கிக்கிட்டு அலைஞ்சிருக்கே. நான் அவன்கிட்ட கேட்டேன், கேட்டுட்டு அவன் கையில விடல. விட்டேனா? பூட்டை இழுத்துப் பாக்கற மாதிரி இழுத்து இழுத்துப் பார்த்துக்கிட்டே இருந்தேன். போதும். கூட்டிட்டு வர்றவன் அவன். வச்சுக்கறவனும் அவன்."

இதை என்கிட்ட சொன்னாங்களா, தனக்கே சொல்லிக்கிட்டாங்களா, தெரியாது. அந்தக் கஞ்சியை ரெண்டு பேரும் ஒரே கிண்ணத்துல குடிச்சோம். பையை என் கையில குடுத்து, "எல்லாத்தையும் உன் கூட்டாளிகிட்ட குடுத்துடு. எண்ணாம குடு"ன்னாங்க. வுளூ செஞ்சு ரெண்டு ரக்அத் தொழுதாங்க. தொழுத இடத்துலயே சாஞ்சு, பட்டப்பகல்ல, வாய் தொறந்து தூங்கினாங்க. மாமி ரெண்டு தடவை வந்து மூச்சு வருதான்னு பார்த்துட்டுப் போனாங்க.

அன்னிக்கு மாறினவங்கதான். ஓதறதை விடல, சாயங்காலம் சும்மா உக்கார்ந்து மெதுவா ஓதிக்கிட்டே இருப்பாங்க, கையில எதுவும் இருக்காது. காலையில பின்கதவுப் பூட்டை ஒரே தடவை இழுத்துட்டுப் போயிட்டாங்க. சந்துப் பிள்ளைங்க "மூணு"ன்னு கத்தக் காத்துக்கிட்டு நின்னு ஏமாந்துபோச்சுங்க. ஞாயித்துக்கிழமை திரும்பவும் சுங்கை நிபோங் கரைக்குப் போனோம். நான் பழக்க தோஷத்துல புகையை எண்ண ஆரம்பிச்சேன். வாப்பா என் கையில ஒரு கொய்யாப் பழத்தை வச்சாங்க. தென்னை மரத்தடியில படுத்து, தீவைப் பார்த்துக்கிட்டே, "பெரியவனே, உன் பொறுப்பு"ன்னு ஒரு தடவை சொன்னாங்க. கடல் காத்து நல்லா இருந்தது. கொய்யா உள்ளே சிவப்பு.

ஊர் என்ன சொல்லிச்சு தெரியுமா? மனுஷனுக்கு மூளை குழம்பிடுச்சுன்னு சொல்லிச்சு. மாமி அதையும் தாண்டி, மக்சிக்கிட்ட, "எங்க நானாவுக்கு மனசு கல்லாயிடுச்சு. பொண்டாட்டி புள்ளை அங்கே கிடக்குது, இவங்க தூங்கறாங்க"ன்னு அழுதாங்க. நானும் அதை நம்பினேன். கவலைப்படாத வாப்பாவை எனக்குப் பழக்கம் இல்லையே. பாசம் இருக்கற இடத்துல கவலை இருக்கணும்னுதான் எங்க வீட்டுல எல்லாரும் நினைச்சிருந்தோம்.

ஒரு நாள் காலையில வேதக்காரக் கிராணி ஓடி வந்தாரு. இன்னிக்கு மத்தியானம் லாஞ்சு வருது, தீவுல இருந்து விடறாங்க. மாமி கத்தின கத்துல மக்சிக் ஓடி வந்தாங்க. நான் புதுப் பாவாடை கட்டினேன். எல்லாரும் வெளியே வந்தோம். வாப்பா முன்கதவைப் பூட்டினாங்க. ஒரு தடவை. திரும்பிப் பார்க்காம நடந்தாங்க. நான்தான் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். பாதி வழியில எனக்கு ஞாபகம் வந்தது. "வாப்பா, தம்பி குல்லா! எடுக்கல!"ன்னு சொன்னேன். வாப்பா நிக்கல. "இருக்கட்டும்மா"ன்னாங்க. எதையும் மறக்காத மனுஷன், இதை எப்படி மறந்தாங்கன்னு நினைச்சேன்.

அவங்க மறக்கல. எனக்குக் கல்யாணமாகி, என் மூத்தவன் காய்ச்சல்ல கிடந்து நான் பைத்தியம் பிடிச்ச மாதிரி இருந்த ஒரு நாள்தான் வாப்பா இதை என்கிட்ட சொன்னாங்க. முதல்ல எல்லாம் "தாயும் பிள்ளையும் சுகம்"னு சொன்ன வேதக்காரக் கிராணி, அந்தச் செவ்வாய்க்கிழமை, ஸலவாத்து ஓதணும்னு வாப்பா செருப்பை மாட்டிக்கிட்டு ஓடின அன்னிக்கு, "வீட்டம்மா சுகம் பாய்"னு மட்டும் சொன்னாராம். மறுநாளும் அதேதானாம். எங்க வாப்பா எண்ணற ஆளாச்சே. ரெண்டு பேர்ல ஒரு பேர் குறையுதுன்னு அந்த நிமிஷமே தெரிஞ்சுபோச்சு. கேக்க வாய் வரல. அந்தக் குறையைத்தான் புளியங்கொட்டையில தேடிக்கிட்டு இருந்திருக்காங்க. வீட்டுல யாருக்கும் சொல்லாம.

லாஞ்சு வந்தது. உம்மா இறங்கினாங்க. பாதி உடம்பா இருந்தாங்க, ஆனா உம்மாதான். கையில ஒரு துணி மூட்டை மட்டும் இருந்தது. நான் அவங்களுக்குப் பின்னால யாரு பிள்ளையைத் தூக்கிட்டு வர்றாங்கன்னு எட்டி எட்டிப் பார்த்தேன். யாரும் வரல. வேதக்காரக் கிராணி தொப்பியைக் கழட்டி நெஞ்சுல வச்சுக்கிட்டு, ஜெட்டித் தூண் பக்கம் திரும்பி நின்னு அழுதாரு. உம்மாதான் அவர்கிட்ட சத்தியம் வாங்கியிருந்தாங்களாம், சொல்லாதீங்க, அவரால தாங்க முடியாது, நானே வந்து சொல்லிக்கறேன்னு. ஒரு நாள் காய்ச்சல்ல தம்பி போயிட்டான். தீவு மண்ணுலேயே அடக்கம் பண்ணியிருந்தாங்க.

உம்மா வாப்பா முன்னால வந்து நின்னாங்க. வழி பூரா என்ன சொல்றதுன்னு மனப்பாடம் பண்ணிட்டு வந்திருப்பாங்க போல. "மச்சான்..."னு ஆரம்பிச்சுட்டு, அந்தத் துணி மூட்டையை நெஞ்சோட சேர்த்துப் பிடிச்சுக்கிட்டாங்க.

"தெரியும்"னு வாப்பா சொன்னாங்க. "நீ வந்துட்டியே. அல்ஹம்துலில்லாஹ். புள்ளை அல்லாஹ்கிட்ட இருக்கான்." கண்ணுல தண்ணி தாடி வரைக்கும் ஓடிச்சு, ஆனா நின்ன நிலை ஆடல. ரெண்டு வாரமா தனியா ஒரு சொட்டுக் கண்ணீர் விடாம அடக்கி வச்சிருந்த உம்மா, தாங்க மாட்டாருன்னு பயந்த அந்த மனுஷன் தோள்ல சாஞ்சு, ஜெட்டியே திரும்பிப் பாக்கற மாதிரி ஓன்னு அழுதாங்க. மாமி அப்போ வாப்பாவைப் பார்த்த பார்வையை நான் பார்த்தேன். அதுக்கு அப்புறம் கல்லுங்கற வார்த்தையை அவங்க சொல்லி நான் கேட்டதில்ல.

நான் ஒரு ஓரமா நின்னேன். எனக்குள்ள அந்தப் பை அவுந்துடுச்சு. இருபத்து மூணு. சாவிப் பல்லு. நான் எடுத்தது. 

உம்மா தோள்ல இருந்தபடியே வாப்பா தலையைத் திருப்பி என்னைத் தேடினாங்க. அத்தனை பேர் நடுவுல, அந்தத் துக்கத்துல, என்னைத் தேடினாங்க. கையை நீட்டி என்னைப் பக்கத்துல இழுத்துக்கிட்டு, தலை மேல கையை அழுத்தி வச்சு, எனக்கு மட்டும் கேக்கற மாதிரி சொன்னாங்க.

"கொட்டைக்கும் இதுக்கும் ஒண்ணும் இல்ல. நாம ஓத உக்காரறதுக்கு முந்தியே தம்பி போயிட்டான். கேட்டியா? உன் மேல ஒண்ணும் இல்ல."

கேட்டேன். அந்தப் பச்சைக் குல்லா அப்புறம் எங்கே போச்சுன்னு எனக்குத் தெரியாது. அலமாரியில டப்பா மட்டும் ரொம்ப நாள் கற்பூர வாசனையோட கிடந்தது. நான் ஆறு நாள் வாயை மூடிக்கிட்டு இருந்த மாதிரியே இருந்திருந்தா, வாப்பா அன்னிக்கு விரிப்புல உக்கார்ந்து தன் கவலையை இறக்கி வைக்காம இருந்திருந்தா, இந்த எழுபது எண்பது வருஷமும் என் தம்பியைக் கொன்னது நான்தான்னு நினைச்சுக்கிட்டே நான் கிழவியாகியிருப்பேன்.

அன்னிக்கு ஜெட்டியில உம்மாவைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு நானும் அழுதேன். தம்பிக்காக மட்டும்தான் அழுதேன்.